சுவரோரத்து மெக்கானிக்

2024 ஜூன் 22, சனிக்கிழமை. காலை ஐந்து இருபதுக்கு எழுந்தேன். மந்தைவெளியில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் நாற்பது நிமிடம் நடந்தேன். பால் பாக்கெட், பேப்பர், காபி. அந்த வாரம் தண்ணீர் மோட்டார் போடும் முறை எங்கள் வீட்டுடையது என்பதால் ஆறே முக்காலுக்குக் கீழே போய் மோட்டார் போட்டேன். ஏழரைக்கு மனைவியின் முதுகில் தைலம் தடவி, வெந்நீர்ப் பை வைத்துக் கொடுத்தேன். எட்டு மணிக்கு இட்லி. ஒன்பதே காலுக்குக் காரை எடுத்துக்கொண்டு அசோக் நகரில் உள்ள ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்பினேன்.

அன்று மதியத்துக்குள், மூன்று மாதத்துக்கு முன்பு நான் ஒரு மனிதருக்குச் செய்தது என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதைச் சொல்ல வேண்டுமானால் காரிலிருந்து தொடங்க வேண்டும்.

என் மனைவிக்கு இடுப்புத் தண்டுவடத்தில் டிஸ்க் கோளாறு. வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் சனியும், அடையாறில் பிசியோதெரபி. ஆட்டோவில் போனால் சிகிச்சைக்குப் போகும் வழியிலேயே வலி அதிகமாகிவிடும். அதனால்தான் 2023 டிசம்பரில் என் அலுவலக நண்பரிடமிருந்து ஒரு பழைய சின்ன பெட்ரோல் கார் வாங்கினேன். பத்து வருடத்துக்கு மேல் ஓடிய வண்டி. ஓடும்போது ஒரு குறையும் இல்லை. சிக்னலில் நின்றால் மட்டும் ஆடும். ஸ்டியரிங் கையில் அதிரும், சீட் அதிரும். ஏ.சி. போட்டால் இன்னும் மோசம். அடையாறு சிக்னலில் சிவப்பு விழுந்ததும் என் மனைவி இரண்டு கைகளையும் சீட்டில் ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொள்வாள். பச்சை விழும் வரை அப்படியே இருப்பாள். எனக்கு அதைப் பார்க்கத் தாங்காது.

எங்கள் குடியிருப்பில் இருபத்து நான்கு வீடுகள். பக்கச் சந்தில், எங்கள் காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே, ஒரு மெக்கானிக் இருந்தார். கடை என்று ஒன்றும் கிடையாது. எங்கள் சுவர்க் கம்பியில் ஒரு முனையும் எதிரே மரத்தில் ஒரு முனையும் கட்டிய தார்ப்பாய், ஒரு இரும்புப் பெட்டி, ஜாக்கி, இரண்டு ஸ்டூல். வாட்ச்மேன் அறையிலிருந்து ஒரு ஒயர் வெளியே போகும். வெளிக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொள்வார். அதற்குப் பதிலாக, எங்களில் யார் வண்டி காலையில் பேட்டரி இறங்கிக் கிளம்பாமல் நின்றாலும் அவரே உள்ளே வந்து கிளப்பிவிட்டுப் போவார். இது எந்தக் காகிதத்திலும் எழுதாத ஏற்பாடு. பதினான்கு வருடமாக நடந்தது. ஆற்றோரத்தில் இருந்த அவர்கள் குடியிருப்பைக் காலி செய்து ஊருக்கு வெளியே அனுப்பிய பிறகும் அவர் அந்தச் சுவரை விடவில்லை. தினமும் இரண்டு பஸ் மாறி வந்து எட்டரைக்குத் தார்ப்பாயைக் கட்டிவிடுவார். தெரிந்த வாடிக்கையெல்லாம் அந்த நாலைந்து தெருவில்தான்.

2024 பிப்ரவரி 10 அன்று காரை அவரிடம் கொண்டுபோனேன். அவருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான், ஐம்பதைத் தாண்டியிருப்போம். ஸ்டியரிங் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னா சார், காரு வாங்கினீங்களா, மசாஜ் சேர் வாங்கினீங்களா?"

ஆனால் பார்த்த விதம் ஒழுங்காக இருந்தது. எனக்கு அது பிடித்தது. முதலில் மூன்று பிளக்குக்கும் போகும் இணைப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். எதைக் கழற்றினாலும் என்ஜின் தடுமாறியது. "மூணும் வேலை செய்யுது சார். கரண்ட்ல ஒண்ணும் இல்ல" என்றார். அடுத்துக் காற்று போகும் வழியைச் சுத்தம் செய்தார். ஆட்டம் குறையவில்லை. பிறகு என்னை உள்ளே உட்காரச் சொல்லி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முதல் கியரில் கிளட்சைப் பாதி விடச் சொன்னார். அப்புறம் ரிவர்ஸில் அதே மாதிரி. அவர் பானெட்டுக்குள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"போதும் சார், நிறுத்துங்க. என்ஜின் இந்தப் பக்கம் எகிறிக்கினு போவுது. கியர்பாக்ஸ் பக்கத்து மவுண்டிங் கிழிஞ்சி கீது."

மவுண்டிங் என்பது என்ஜினைத் தாங்கும் ரப்பர். எனக்குப் புரியும்படி அவர் சொன்னதை அன்று இரவே எழுதிவைத்தேன்: "என்ஜின் ஆடத்தான் சார் ஆடும். அது அதோட குணம். அந்த ஆட்டம் வண்டிக்கு வராம ரப்பர் வாங்கிக்கும். ரப்பர் போச்சின்னா ஆட்டம் நேரா உங்க சீட்டுக்கு வந்துடும்."

புது ரப்பரை மாட்டினார். பழையதை என் கையில் கொடுத்துக் கிழிசலைக் காட்டினார். புதியது வந்த அட்டைப் பெட்டியையும் கொடுத்து, "இத உங்க நோட்டுல ஒட்டிக்குங்க சார்" என்றார். கிண்டல்தான். ஆனாலும் நான் பெட்டியின் லேபிளைக் கத்தரித்து ஒட்டினேன்.

நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்தொன்பது வயதிலிருந்து எதையும் தேதி போட்டு எழுதுவது என் பழக்கம். வீட்டுக்கு ஒரு நோட்டு, உடம்புக்கு ஒரு நோட்டு, கார் வந்த பிறகு காருக்கு ஒரு நோட்டு. ஒன்றில் எழுத வேண்டியதை மற்றதில் எழுத மாட்டேன்.

ஐந்து வாரம் கார் பூனை போல ஓடியது. மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அடையாறு சிக்னலில் திரும்பிப் பார்த்தேன், என் மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள்.

அந்த மாதம்தான் எங்கள் கார் நிறுத்துமிடத்தில் எலித் தொல்லை அதிகமானது. இரண்டாம் மாடிக்காரர் வண்டியில் ஒயரையெல்லாம் கடித்துவிட்டது. அவரவர் வண்டியை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அசோசியேஷன் கூட்டத்தில் முடிவானது. பலர் பானெட்டுக்குள் புகையிலைப் பொட்டலம் கட்டித் தொங்கவிட்டார்கள். அந்த வாடை ஏ.சி. வழியாக உள்ளே வந்தால் என் மனைவிக்கு ஒத்துக்கொள்ளாது. நான் வேறு வழி செய்தேன். மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை, முன் சக்கரத்தை ஒரு பக்கம் திருப்பிவைத்து, தரையில் பாய் போட்டுப் படுத்து, எலி ஏறக்கூடிய சந்து எது என்று பார்த்தேன். இடது பக்கம் கியர்பாக்ஸுக்கும் வண்டியின் சட்டத்துக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருந்தது. அளவெடுத்தேன். பரண் கதவு செய்தபோது மிஞ்சிய மரக்கட்டை ஒன்றை அந்த அளவுக்கு அறுத்து, அதன் மேல் கம்பி வலையை ஆணியடித்து, சந்தில் செருகினேன். வண்டி ஓடும்போது கடகடவென்று சத்தம் வரக் கூடாது என்பதற்காக, சுத்தியலால் தட்டி இறுக்கினேன். வீட்டுக்குள் வந்து குளித்துவிட்டு, வீட்டு நோட்டில் 'எலி' என்ற தலைப்பின் கீழ் எழுதினேன். எலி விஷயம் என்பது அசோசியேஷன் விஷயம், அதனால் வீட்டு நோட்டு. கார் நோட்டை எடுக்கவே இல்லை.

மார்ச் 19, செவ்வாய். அடையாறு சிக்னல். ஸ்டியரிங் அதிர்ந்தது. என் மனைவி கண் விழித்து, இரண்டு கைகளையும் சீட்டில் ஊன்றினாள்.

சனிக்கிழமை, 23ஆம் தேதி, கார் நோட்டையும் எடுத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போனேன். அவர் வேறொரு வண்டிக்கு அடியில் இருந்தார். எழுந்து வந்து பானெட்டைத் திறந்து, சிறிது நேரம் பார்த்தார். என்ஜினைப் போடச் சொல்லி, சட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். முகம் சுருங்கியது.

"அந்த மவுண்டிங் அதுக்குள்ள போயிருக்காது சார். நடுவுல வண்டில வேற ஏதாச்சும் பண்ணீங்களா?"

"ஒன்றும் செய்யவில்லை" என்றேன்.

"யாராச்சும் கைய வெச்சாங்களா? யோசிச்சு சொல்லுங்க சார்."

நான் யோசிக்கவில்லை. நோட்டைப் பிரித்து அவர் முன்னால் நீட்டினேன். பிப்ரவரி 10, மவுண்டிங் மாற்றியது. அதன் கீழே பெட்ரோல் போட்ட தேதிகள், காற்று பிடித்த தேதிகள். அப்புறம் மார்ச் 19, மீண்டும் ஆட்டம். நடுவில் வேறு ஒரு வரியும் இல்லை. "பாருங்கள், எல்லாம் இதில் இருக்கிறது" என்றேன்.

அவர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மேலருந்து தெரியல சார். கீழ படுத்துதான் பாக்கணும். சாயந்தரம் வரைக்கும் வண்டிய விட்டுட்டுப் போங்க" என்றார். அன்று பதினொரு மணிக்குப் பிசியோதெரபி. அது அவருக்குத் தெரியும் என்று நானே முடிவுசெய்துகொண்டேன். தெரிந்தே தட்டிக்கழிக்கிறார், கேள்வியை என் பக்கம் திருப்பிவிடுகிறார் என்று நினைத்தேன். வண்டியை விடாமல் வந்துவிட்டேன்.

மறுநாள் காலை எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தேதி வாரியாக, ஒரு எழுத்துப் பிழை இல்லாமல். லேபிளின் படத்தையும் போட்டேன். புதிய பெட்டிக்குள் வேறு வண்டியின் பழைய ரப்பரைச் சுத்தம் செய்து வைத்துக் கொடுத்திருக்கலாம் என்று சந்தேகிப்பதாகவும், மற்றவர்கள் கவனமாக இருப்பது நல்லது என்றும் முடித்தேன். பத்து நிமிடத்தில் பதினான்கு கட்டைவிரல். "தெளிவாக எழுதியிருக்கீங்க சார், நன்றி" என்று ஒருவர். தன் வண்டியிலும் அப்படித்தான் ஏதோ நடந்தது, இப்போதுதான் புரிகிறது என்று இன்னொருவர். அவர் வண்டியில் என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் முதல் வாரம் அசோசியேஷன் கூடியது. சுவரிலிருந்து தார்ப்பாயை அவிழ்க்கச் சொல்வது, ஒயரை எடுத்துவிடுவது, வெளிக்குழாயைப் பூட்டுவது என்று தீர்மானம். கடிதம் யார் எழுதுவது என்று கேட்டபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அசோசியேஷன் கடிதங்கள் எப்போதும் என் கையெழுத்தில்தான் போகும். எழுதினேன். செயலாளர் கையொப்பமிட்டு வாட்ச்மேனிடம் கொடுத்தனுப்பினார். நான் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மெக்கானிக் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். என் பக்கம் திரும்பவில்லை. அன்று சாயந்தரத்துக்குள் அந்த இடம் காலியாகிவிட்டது.

வெயில் ஏற ஏற, ஏ.சி. இல்லாமல் போக முடியாது என்றாகி, கார் இன்னும் மோசமாக ஆடியது. பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான், பிசியோதெரபி நிலையத்துக்கு விடுமுறையாக இருந்த ஜூன் 22 அன்று அசோக் நகருக்குப் போனேன்.

அங்கே வண்டியை மேலே தூக்கிவைத்துப் பார்க்கும் வசதி இருந்தது. பார்த்தவர் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். கையுறையும் டார்ச்சுமாக வண்டிக்கு அடியில் போனவர், இரண்டு நிமிடத்தில் என்னைக் கூப்பிட்டார்.

"சார், மவுண்டிங்லாம் சூப்பரா இருக்கு. புதுசு. கம்பெனி மார்க் தெரியுது பாருங்க. நல்லாத்தான் மாட்டியிருக்காங்க." டார்ச்சைக் கொஞ்சம் நகர்த்தினார். "இது என்ன கட்டை சார்? யார் வெச்சது?"

எனக்கு அந்த நொடியே எல்லாம் புரிந்துவிட்டது. ஆனாலும் என் வாய் "தெரியலையே" என்றது. இதை எழுதுவதற்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படித்தான் சொன்னேன்.

அவர் ஒரு ஸ்குரூடிரைவரால் நெம்பி அதை எடுத்தார். ஒரு பக்கம் கியர்பாக்ஸ் அழுத்தி மழமழவென்று தேய்ந்திருந்தது. திருப்பிப் பார்த்தவர் சிரித்துவிட்டார். "பென்சில்ல அளவு எழுதியிருக்கு சார். தேதிகூட போட்டிருக்கு. பதினேழு மூணு."

"நான்தான் வைத்தேன்" என்றேன். "எலிக்காக."

"சரியாப் போச்சு. ரப்பர் தாங்க வேண்டிய ஆட்டத்தை இந்தக் கட்டை வாங்கி நேரா பாடிக்குக் கொடுத்திருக்கு. இதை எடுத்துட்டா அவ்ளோதான் சார், வேற வேலையே இல்லை."

பிப்ரவரியில் தார்ப்பாய்க்குக் கீழே நின்று கேட்ட அதே விளக்கம் மறுபடி என் காதில் விழுந்தது. வண்டியை இறக்கி என்ஜினைப் போட்டார். ஏ.சி.யும் போட்டார். ஸ்டியரிங்கில் என் கை இருந்தது. ஒரு அசைவும் இல்லை. அந்த ஒர்க்‌ஷாப்பில் அன்று வந்தவர்களில் பிரச்சினை தீர்ந்து வருத்தத்தோடு வெளியே போனவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

நேராக வீட்டுக்குப் போகவில்லை. பக்கச் சந்தில் வண்டியை நிறுத்தினேன். மெக்கானிக் இருந்த இடத்துக்குப் பத்தடி தள்ளி இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அம்மாவிடம் அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டேன்.

"இன்னா சார், இப்ப எதுக்குத் தேடற? வண்டி மக்கர் பண்ணுதா?"

"இல்லைம்மா. அவரைப் பார்க்கணும்."

"லெட்டர் குடுக்க சொல்லோ பாத்துகினுதானே இருந்த. அப்ப பேசியிருக்கலாம்ல." பெட்டியை எடுத்து ஒரு சட்டைக் காலரை அழுத்தினார். "ஆதம்பாக்கத்துல வாட்டர் வாஷ் ஷெட்ல கீறாராம். கோயிலாண்ட இருந்து ரெண்டாவது ரோடு. போய்ப் பாரு." நான் கிளம்பும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. "என் வண்டிய பத்தியும் எதனா எழுதிடாத சார். நான் வேற எங்கயும் போவ முடியாது."

பன்னிரண்டு மணி வெயிலில் ஆதம்பாக்கம் போனேன். வண்டி கழுவும் ஷெட் சாலையோரமாகவே இருந்தது. முட்டி வரை பேண்டைச் சுருட்டிக்கொண்டு, கையில் தண்ணீர்க் குழாயோடு நின்றிருந்தார். இருபது முப்பது வருடம் என்ஜினைக் காதால் கேட்டே கோளாறு சொன்னவர், சக்கரத்துச் சேற்றை அடித்துக்கொண்டிருந்தார். என் காரைப் பார்த்ததும் குழாயைக் கீழே இறக்கினார். நான் இறங்கினேன். என்ஜினை நிறுத்த மறந்துவிட்டேன்.

காரின் பக்கத்தில் வந்து, ஈரக் கையைத் துடைத்துவிட்டு, பானெட்டின் மேல் வைத்தார்.

"ஆட்டம் நின்னுபோச்சே. இன்னா இருந்திச்சு?"

சொன்னேன். கட்டையையும் காட்டினேன். முன்சீட்டில் வைத்திருந்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நேரம் நிறுத்த முடியாமல் சிரித்தார்.

"எலிக்கா சார்? எலிக்கா?" என்று கேட்டுவிட்டு, ஷெட்டுக்குள் இருந்தவரைப் பார்த்துக் கட்டையைத் தூக்கிக் காட்டினார். "மாமா, இத பாரேன், எலிக்குக் கதவு போட்டு வெச்சிருக்காரு."

சிரிப்பு அடங்கியதும் கட்டையை என்னிடமே கொடுத்தார். "நான் கேட்டேன்ல சார். நடுவுல எதனா பண்ணீங்களான்னு."

"கேட்டீர்கள்."

"ரெண்டு தபா கேட்டேன்."

"ஆமாம்."

"நீங்க நோட்டக் காட்டினீங்க."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். குரூப்பில் உண்மையை எழுதுகிறேன், அசோசியேஷனில் நானே பேசுகிறேன், திரும்ப அங்கேயே வந்துவிடுங்கள் என்றேன். அவர் குழாயின் முனையைக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"சுவரு கெடச்சா போதுமா சார்? வண்டி யாரு விடுவாங்க? கடைசி வாரத்துல உங்க பில்டிங் டாக்டரம்மா வண்டி ஒண்ணுதான் வந்திச்சு. அவங்களும் பக்கத்துலயே நின்னு பாத்துகினு இருந்தாங்க. பதினாலு வருசத்துல ஒரு நாள் நின்னதில்ல. சாவியக் குடுத்துட்டு மேல போயிடுவாங்க."

பிறகு சாதாரணமாக, யாரைப் பற்றியோ சொல்வதுபோல, சொன்னார்.

"நீங்க எழுதினத யாரோ யாருக்கோ அனுப்பி, என் பொண்ணு போனுக்கு வந்திச்சு. காலேஜ் படிக்கிது. 'இதுல போட்டிருக்கறது நீயாப்பா'ன்னு கேட்டிச்சு. இல்லம்மா, அப்பா அப்பிடிப் பண்ணலன்னு சொன்னேன். நம்பிச்சு. ஆனா ஒண்ணு சொல்லிச்சு சார். 'தேதியெல்லாம் போட்டு எவ்ளோ கரெக்டா எழுதியிருக்காருப்பா, படிக்கறவங்க நம்பத்தான் செய்வாங்க'ன்னு."

பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. "வண்டியக் கொஞ்சம் நகர்த்துங்க சார், வெயிட் பண்றாங்க" என்று சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்தார். அவருடைய போன் எண்ணைக் கேட்டேன். சொன்னார். என் எண்ணை அவர் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் கட்டிலில் சாய்ந்தபடி முழுவதையும் கேட்டாள். "எனக்காகத்தானே கோபப்பட்டீங்க" என்று ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சொல்லவில்லை.

"அவர் கேட்டப்ப ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா உங்களுக்கே ஞாபகம் வந்திருக்கும். அறுத்ததும் அடிச்சதும் நீங்கதானே" என்றாள்.

மாலை நான்கு மணிக்குக் குரூப்பில் எழுதினேன். மரக்கட்டை, எலி, என் தவறு, அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை என்பது, எல்லாவற்றையும் எழுதினேன். இரண்டு பேர் கட்டைவிரல் போட்டார்கள். செயலாளர் கும்பிடு ஒன்று போட்டார். அதற்கு அடுத்து ஒருவர் லிஃப்ட் எப்போது சரியாகும் என்று கேட்டார். லிஃப்டைப் பற்றிப் பதினேழு செய்திகள் வந்தன. நான் எழுதியது மேலே போய் மறைந்துவிட்டது.

"யாரும் படிக்கலை போலிருக்கு" என்றேன்.

"திட்டி எழுதினா படிப்பாங்க. இதை எதுக்குப் படிப்பாங்க?" என்றாள் மனைவி. "நேர்ல போய்ச் சொல்லுங்க. ஒவ்வொரு வீடாப் போங்க."

நான் அப்படிப் போய்ப் பேசுகிறவன் அல்ல. இருபது வருடமாக அந்தக் கட்டடத்தில் இருக்கிறேன், பாதி வீட்டுக்குள் காலடி வைத்ததில்லை. சொல்ல வேண்டியது எதுவானாலும் எழுதிக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவதுதான் என் வழக்கம்.

பிற்பாடு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜூலை மாதக் கூட்டத்தில் அசோசியேஷன் பழைய தீர்மானத்தை ரத்து செய்தது. அவரைத் திரும்ப அழைக்கும் கடிதத்தை எழுதி நானே ஆதம்பாக்கம் கொண்டுபோனேன். வாங்கிப் படித்தார். "பாக்கலாம் சார்" என்றார். பிறகு இரண்டு முறை போனில் பேசினேன். அப்போதும் "பாக்கலாம் சார்"தான். இன்று வரை வரவில்லை. மகள் படிப்பை முடிக்கட்டும், அந்தப் பக்கமே ஒரு இடம் பார்த்துவிடலாம் என்று இருக்கிறார் என்று இஸ்திரிக்கார அம்மா சொன்னார். என் காருக்கு ஏதாவது என்றால் ஆதம்பாக்கம் போகிறேன். சாயந்தரம் ஷெட் வேலை முடிந்த பிறகு பார்த்துக் கொடுக்கிறார். சிரித்துத்தான் பேசுகிறார். ஆனால் வேலை செய்யும்போது, நான் கேட்காமலே, கழற்றுகிற ஒவ்வொன்றையும் என் கண் முன்னால் நீட்டிக் காட்டிவிட்டுத்தான் கீழே வைக்கிறார். முன்பு கிழிந்த ரப்பரை மட்டும்தான் காட்டினார், ஒவ்வொன்றையும் அப்படிக் காட்டிய ஆள் இல்லை அவர். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரிவதில்லை.

குரூப்பில் எழுதியதற்கு மறுநாள், ஜூன் 23, ஞாயிற்றுக்கிழமை. எழுந்ததும் முகம் கழுவிச் சட்டை போட்டுக்கொண்டு, காபிகூடக் குடிக்காமல், தரைத்தளத்தில் முதல் வீட்டின் மணியை அடித்தேன். மணி ஏழு. ஓய்வுபெற்ற பேங்க் அதிகாரி ஒருவர் கதவைத் திறந்தார். கையில் பாதி மடித்த பேப்பர். நேற்று குரூப்பில் எழுதியதைப் பார்த்தாரா என்று கேட்டேன். பார்க்கவில்லை என்றார். அந்த மெக்கானிக்கைப் பற்றிப் பேச வந்ததாகச் சொன்னேன்.

"எந்த மெக்கானிக்?" கொஞ்சம் யோசித்தார். "ஓ, பழைய ரப்பரை மாட்டி ஏமாத்திட்டுப் போனானே, அவனா? ஏன், வேற யாரையாவது ஏமாத்திட்டானா?"

நான் எழுதியது சந்தேகம் என்றுதான். தேதிகள், லேபிள், 'இருக்கலாம்' என்று நான் பார்த்துப் பார்த்துப் போட்ட சொல், எதுவும் அவர் நினைவில் இல்லை. ஏமாற்றிவிட்டுப் போனவன் என்பது மட்டும் இருந்தது.

"இல்லை சார்" என்றேன். "அவர் யாரையும் ஏமாற்றவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்து சொல்லலாமா?"

அவர் வழிவிட்டார். அதன் பிறகு இருபத்திரண்டு வீடுகள் இருந்தன. யாரைப் பற்றியாவது ஒரு வரி எழுத உட்காரும்போது, அதைத் திரும்ப எடுக்க எத்தனை வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கும், நின்றாலும் அது திரும்புமா என்றுதான் இன்றும் எனக்கு முதலில் தோன்றுகிறது.